ஒற்றைப்படை வாரம்

நீதிபதியால் பிரிக்க முடியாமல் போனது
இந்தக் காரை மட்டும்தான்.
வீடு யோர்வெர்த்துக்கு. கைமானில் இருக்கும் அடுமனை எனக்கு.
நாய் தானாகவே முடிவெடுத்து என் பின்னால் வந்தது.
அறுபத்தெட்டாம் வருடத்துப் பேஜோ, பாலாடை நிறம்,
ஒற்றைப்படை வாரங்களில் என்னுடையது,
இரட்டைப்படையில் அவனுடையது.
ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கைமாறும்.
சாவியை நீட்டுவோம், காற்றைப் பற்றிப் பேசுவோம்.
படகோனியாவில் அதற்குப் பஞ்சமில்லை.

லாஸ் பிளூமாஸ் தாண்டி நாற்பதாவது கிலோமீட்டரில்
நின்றுவிட்டது.
இருமவில்லை, முனகவில்லை,
வாக்கியத்தின் நடுவில் எழுந்து போனவள் மாதிரி.
உருண்டு உருண்டு சரளைக்கல் ஓரத்தில் ஒதுங்கிய பிறகுதான்
வெளியே இவ்வளவு இரைச்சல் இருந்தது தெரிந்தது.

கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை.
இருந்திருந்தாலும் அவனை அழைத்திருக்க மாட்டேன்.
சரி, அழைத்திருப்பேன்.

மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்தேன்.
பதினோரு வருடம் இதற்கடியில் டார்ச் பிடித்தவள் நான்.
நேராப் பிடி. அங்கே இல்லை, இங்கே.
பிடித்தவளுக்கும் கண் உண்டு என்று
அவன் யோசித்திருக்க மாட்டான்.

பெட்ரோலா, பொறியா?
பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் தளும்புகிறது.
அப்படியென்றால் பொறி.
பிளக்கைக் கழற்றி இரும்போடு சாய்த்து வைத்தாயிற்று.
இனி ஒருவர் பம்பருக்கு அடியில் கிராங்க்கைச் சுற்ற வேண்டும்,
ஒருவர் இங்கே குனிந்து பார்க்க வேண்டும்.
இரண்டும் எனக்குத் தெரியும்.
ஒரே நேரத்தில்தான் முடியாது.
நாயைப் பார்த்தேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தது
சாலைத்துறையின் மஞ்சள் கிரேடர்,
தங்கும் வண்டி ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு.
செலஸ்தீனோ அந்தியேகோ, என்றார் ஓட்டி வந்தவர்.
அடுத்த சொல்லுக்குள் கிராங்க் அவர் கையில் இருந்தது.
தொப்பியால் வெயிலை மறைத்துக் குனிந்தேன்.
ஒரு சுற்று. இரண்டு.
"நீலமா?"
"ஆரஞ்சு. அதுவும் சோம்பலா."
"அப்போ கண்டென்சர்தான்,"
கடன் வாங்கிவிட்டு ஓடிப்போன ஆளின் பெயர்போலச் சொன்னார்.

சுண்டுவிரல் நுனியளவு தகர உருளை.
ஒரு டன் பேஜோவை உட்கார வைத்துவிட்டது.

தங்கும் வண்டியில் தண்ணீர் பம்பு ஒன்று இருந்தது.
அதன் எஞ்சினிலிருந்து கண்டென்சரைக் கழற்றி வந்தார்.
பொருந்தவில்லை.
வேலிக் கம்பியில் ஒரு சாண் நறுக்கி
மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டினார்.
முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.
பின்சீட்டில் நாய் எழுந்து உட்கார்ந்தது,
இதெல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல.

பணம் நீட்டினேன். என் கையைக்கூட அவர் பார்க்கவில்லை.
"வியாழக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுங்க.
நாங்க நாலு பேர். குடிக்க ரெண்டு டிரம் இருக்கு.
அதுவரைக்கும் முகம் கழுவ மாட்டோம், அவ்வளவுதான்."

ட்ரெலேவில் மூன்று கடை ஏறி இறங்கி
இரண்டு வாங்கினேன், ஒன்று உபரி.
புதியதும் பொருந்தவில்லை. அதே கம்பி, அதே மூன்று முறுக்கு.
கம்பி முனை கட்டைவிரலைக் கிழித்தது.
புதன்கிழமை கறுப்புக் கேக் ஒன்றும் கண்டென்சருமாகப் போனபோது
நால்வரும் மண்ணில் செய்த முகங்களோடு
கேக்கைத்தான் முதலில் வாங்கினார்கள்.

ஞாயிறு, ஆறு மணி. சாவியை நீட்டினேன்.
என் விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான்.
காற்று அதிகம் இந்த வாரம், என்றான்.
ஆமாம், என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு கார் திரும்பி வந்தது.
அவன் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்து
மூடியைத் திறந்தேன்.
கம்பி அப்படியே இருந்தது.
என் மூன்று முறுக்குக்கு மேல் நாலாவதாக ஒன்று.
முனையை உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தான்.